‘ஆல்ரெடி’யை எங்கே வைப்பது? – சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகள் ‘ஆல்ரெடி’ (already) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைச் சுற்றுகின்றன. நல்லது, பேச வேண்டிய சொல்தான்.

கேள்வி (படிவம் ஐந்து மாணவி): ஐயா, ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்று எஸ்.பி.எம். (படிவம் ஐந்து இறுதித் தேர்வு) கட்டுரையில் எழுதினால் புள்ளி குறையும் என்கிறார் எங்கள் ஆசிரியை. ஊரே இப்படித்தானே பேசுகிறது?

பதில்: பேசுவதில் குற்றமே இல்லை, தங்கச்சி. அது இந்த மண்ணில் விளைந்த ஆங்கிலம். மலாய்க்காரர் வினைக்கு முன்னால் ‘சுடா’ போட்டு ‘சுடா மாக்கான்’ என்கிறார். சீனர் வினைக்குப் பின்னால் ‘லெ’ சேர்க்கிறார். நாம் ‘சாப்பிட்டாயிற்று’ என்று வினையின் வாலிலேயே முடித்துவிடுகிறோம். ஆங்கிலம் பேசும்போது மூவருமே வினையை மாற்றாமல் விட்டு, வேலை முடிந்ததைச் சொல்லும் பொறுப்பை ‘ஆல்ரெடி’யின் தலையில் ஏற்றிவிட்டோம்.

தேர்வு கேட்பது எழுத்து ஆங்கிலம். அதில் அந்தப் பொறுப்பு வினைக்குரியது. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்றாலே ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்ற பொருள் கிடைத்துவிடும். ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்பது, சோற்றுக் கரண்டியோடு வருபவரிடம் சொல்வது. அவர் எதிர்பார்த்ததற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது என்பதுதான் இந்தச் சொல் சேர்க்கும் கூடுதல் செய்தி.

கேள்வி: ‘ஏற்கெனவே’ என்றுதானே பொருள் படித்தோம்?

பதில்: அது பாதிதான். மறுபாதி ‘அதற்குள்’. ‘இஸ் இட் சிக்ஸ் ஓ க்ளாக் ஆல்ரெடி?’ என்பதை ‘ஏற்கெனவே ஆறு மணியா?’ என்று யாரும் தமிழில் சொல்ல மாட்டோம். ‘அதற்குள் ஆறு மணி ஆகிவிட்டதா!’ என்போம். இந்த வியப்பு இருக்கும் இடத்தில் ஆல்ரெடி வாக்கியத்தின் கடைசியில் வருவது எழுத்து ஆங்கிலத்திலும் சரியே. ‘அதற்குள்’ளை மறந்ததுதான் நம் பிள்ளைகளின் தடுமாற்றத்துக்கு வேர் என்பேன்.

கேள்வி (தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர்): செம்பனை எண்ணெய் ஆலைக்கு அனுப்பும் மின்னஞ்சலில் ‘தி லாரி கோ ஆல்ரெடி’ என்று எழுதுகிறேன். திருத்துங்கள்.

பதில்: ‘தி லாரி ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்’. துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் வைத்தால் பிசகாது. ‘இஸ்’, ‘ஆர்’ மட்டும் இருந்தால் அதற்கு அடுத்து: ‘தி லாரி இஸ் ஆல்ரெடி ஹியர்’. ஆனால், ஐயா, செம்பனைக் குலை வெட்டியபின் நேரம் ஆக ஆக எண்ணெயின் தரம் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆலைக்காரருக்கு வேண்டியது புறப்பட்ட மணி. ‘தி லாரி லெஃப்ட் அட் செவன்’ என்று எழுதுங்கள். மணியைச் சொன்னபின் ‘ஹேஸ்’ கூடாது. ஆல்ரெடிக்கும் அங்கே வேலையில்லை.

கேள்வி (ஒரு தாயார்): என் மகன் ‘ஐ டோன்ட் வான்ட் ஆல்ரெடி’ என்கிறான்.

பதில்: ‘இனி வேண்டாம்’ என்கிறான், அம்மா. அதற்கு ‘எனி மோர்’ இருக்கிறது: ‘ஐ டோன்ட் வான்ட் இட் எனி மோர்’. ‘இன்னும் இல்லை’ என்பதற்கு ‘நாட் யெட்’.

கேள்வி: கேள்வி கேட்கும்போது யெட்டா, ஆல்ரெடியா?

பதில்: இரண்டும் சரி, ஆனால் தொனி வேறு. ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்பது ‘சாப்பிட்டீர்களா?’ என்ற சாதாரண விசாரிப்பு. ‘ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?’ என்றால் ‘அதற்குள் சாப்பிட்டுவிட்டீர்களா?’ விருந்தாளியிடம் இரண்டாவதைக் கேட்டால் அவர் முகம் சுருங்கிவிடும்.

கேள்வி: அமெரிக்கப் படங்களில் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்கிறார்களே?

பதில்: அமெரிக்க வழக்கில் அது சரி. பிரிட்டிஷ் வழக்கைக் கற்ற மாணவர்கள் எழுத்தில் ‘ஹேவ்’ போடுவதே நல்லது.

கேள்வி: ‘ஆல் ரெடி’ என்று பிரித்து எழுதலாமா?

பதில்: எழுதலாம், பொருள் மாறும். ‘தி சில்ட்ரன் ஆர் ஆல் ரெடி’ என்றால் பிள்ளைகள் எல்லாரும் தயார். ‘ஆல்’ என்பதை எடுத்துப் பாருங்கள். வாக்கியம் அதே பொருளோடு நின்றால் பிரித்து எழுதுங்கள். நிற்காவிட்டால் சேர்த்து எழுதுங்கள்.