முதல் மீனுக்கு முந்தைய ஆறு வாரங்கள்

கடல்நீர் மீன் தொட்டி வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் எழுதிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், அவற்றைச் சுருக்கி ஒரே பகுதியாகத் தருகிறேன். இவற்றில் சொல்லப்பட்ட நட்டங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கிறார்கள், நாமும் வாங்கிவிடுகிறோம்.

கேள்வி: 100 லிட்டர் தொட்டி, மணல், உப்பு, இரண்டு கோமாளி மீன்கள், ‘உடனடி பாக்டீரியா’ என்ற புட்டி ஒன்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினேன். புட்டியை ஊற்றினால் அன்றே மீனை விடலாம் என்று கடைக்காரர் சொன்னார். ஐந்தாம் நாள் இரண்டு மீன்களும் இறந்துவிட்டன. நான் இரையை அதிகமாகப் போட்டதுதான் காரணம் என்கிறார். தவறு என்னுடையதா?

பதில்: இல்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே செய்த உங்கள் மீது இப்போது பழி போடுவது நியாயமே இல்லை. இரையே போடாமல் இருந்திருந்தாலும் அந்த மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகிறது. இவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. பாறை, மணல், ஃபில்டர் பஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வளர்பவை. மற்ற பாக்டீரியாக்களில் சில அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இந்த இரு வகைகளும் போதிய அளவு வளர்ந்து அம்மோனியாவை முழுதாக மாற்றும் நிலைக்கு வருவதைத்தான் ‘சுழற்சி’ முடிவது என்கிறோம். அதனால்தான் ஒரு புதுத் தொட்டி சுழற்சியை முடிக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவைப்படுகின்றன. அதோடு, கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அம்மோனியாவில் நச்சுத்தன்மை கொண்ட வடிவத்தின் பங்கு நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிட இங்கே அதிகம்.

புட்டியைப் பற்றிப் பல ஆண்டுகளாக எனக்குள்ள மனக்குறையை இங்கே சொல்லியாக வேண்டும். உயிருள்ள சரியான பாக்டீரியாவை அடைத்து விற்கும் நல்ல தயாரிப்புகள் உண்டு, அவை சுழற்சியின் காலத்தை உண்மையாகவே குறைக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியா, விதை போன்ற உறையை உருவாக்கி உறங்கிக் கிடக்கத் தெரிந்த இனம் அல்ல. வெயிலில் கிடந்தாலும், உறைந்துபோனாலும், நீண்ட நாள் தேங்கினாலும் அது செத்துவிடும். அப்படியிருக்க, தயாரித்த நாளும் இல்லாமல், காலாவதி நாளும் இல்லாமல், எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்ற குறிப்பும் இல்லாமல், விளக்குக்கு மேலே உள்ள சூடான தட்டில் அடுக்கிவைத்து விற்கப்படும் புட்டியை உயிருள்ள பொருள் என்று எப்படி ஏற்பது? லேபிளில் ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்று மட்டும் எழுதி, எந்த இனம் என்பதைச் சொல்லாத புட்டிகளில் பல, தொட்டியின் கசடைத் தின்னும் வேறு வகையைக் கொண்டவை. அவை உறையாகி உயிர் பிழைக்கும். ஆனால் உங்கள் மீன்களைக் காக்க வேண்டிய வேலையைச் செய்யா.

இத்தகைய புட்டியை நானே மூன்று முறை வாங்கியிருக்கிறேன். மூன்றாவது முறைதான், ஒரு வாளி உப்புநீரில் அம்மோனியாவை அளந்து விட்டு, புட்டியை முழுதாக ஊற்றி, சிறு பம்ப் ஒன்றை ஓடவிட்டுப் பத்து நாள் தொடர்ந்து சோதித்தேன். அம்மோனியா இறங்கவே இல்லை. நைட்ரைட் கடைசிவரை பூஜ்யமாகவே இருந்தது. சந்தேகம் உள்ளவர்கள் யாரும் வீட்டிலேயே இப்படிச் சோதித்துப் பார்க்கலாம், இதற்கு ஓர் உயிரும் போக வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தண்ணீரைக் கொட்டிவிடாமல் இன்றே அம்மோனியா அளவைச் சோதித்து, தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். புட்டியின் லேபிளையும், எல்லாப் பொருள்களும் ஒரே தேதியில் விற்கப்பட்டதைக் காட்டும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பின்னர் கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, மீன்களின் விலையையும் புட்டியின் விலையையும் திருப்பிக் கேளுங்கள். அன்றே மீனை விடலாம் என்ற அவருடைய வாக்குறுதியை நம்பித்தான் வாங்கினீர்கள் என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பணம் தர மறுத்தால், அந்தப் புகாரின் நகலே நுகர்வோர் அமைப்பிடம் நீங்கள் எடுத்துச் செல்லும் முதல் ஆவணமாக இருக்கும்.

கேள்வி: சமையல் உப்பும் கடலிலிருந்துதானே வருகிறது? அதையே தொட்டிக்குப் பயன்படுத்தினால் என்ன?

பதில்: கூடாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் உள்ளன, சமையல் உப்பில் இவை அநேகமாக இல்லை.

கேள்வி: மூன்றாவது வாரம் நடக்கிறது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் மிக அதிகம், நைட்ரேட் அதைவிட அதிகம். அம்மோனியா பூஜ்யமாகிவிட்டதால் சுழற்சி முடிந்துவிட்டது என்று கடையில் சொல்கிறார்கள். மீன் வாங்கலாமா?

பதில்: வாங்கக் கூடாது. பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள். முதல் வகை பாக்டீரியா வளர்ந்துவிட்டது, இரண்டாம் வகை இன்னும் போதிய அளவு பெருகவில்லை. கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் நைட்ரைட் நன்னீரில் கொல்வதைப் போல் இங்கே விரைவாகக் கொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது இறங்காதவரை தொட்டி தயார் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நைட்ரேட்டை அளக்கும் கிட்டுகளில் பெரும்பாலானவை முதலில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, அதன் பிறகே நிறத்தைக் காட்டுகின்றன. ஆகவே தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் நைட்ரேட்டின் அளவு உள்ளதைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தெரியும். உங்கள் ‘அதைவிட அதிகம்’ என்பதை இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

சுழற்சி முடிந்ததற்கு நான் ஏற்கும் சான்று ஒன்றுதான். தொட்டியில் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இதற்கு அம்மோனியம் குளோரைடு கரைசல் ஏற்றது. தரை துடைக்கும் அம்மோனியாவை வாங்குவதாக இருந்தால், புட்டியைக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் அதில் சோப்புப் பொருள் கலந்திருக்கிறது, அதை வைத்துவிட்டு வாருங்கள். 5 பி.பி.எம்.முக்கு மேல் ஏற்றினால் பாக்டீரியாவின் வளர்ச்சியே தடைப்படும். இறாலை அழுகவிட்டும் சுழற்சியைத் தொடங்கலாம்; ஆனால் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது நம் கையில் இல்லை. சோதனையில் தேறிய பிறகு, தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீனைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: என் ஹைட்ரோமீட்டரும் நண்பருடைய ரிஃப்ராக்டோமீட்டரும் தண்ணீரின் உப்பை அளக்கும்போது வேறுவேறு அளவு காட்டுகின்றன. எதை நம்புவது?

பதில்: சரிபார்க்கப்பட்டதை மட்டும் நம்புங்கள். முள் மிதந்து காட்டும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் ஒன்றை நான் ஓராண்டுக் காலம் நம்பினேன். அது 1.025 என்று காட்டிக்கொண்டிருந்தபோது தண்ணீரின் உண்மையான ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.030-ஐத் தாண்டியிருந்தது. இறால்கள் ஒவ்வொன்றாக இறந்தன. நோயுற்ற இறால்களை விற்றுவிட்டதாகக் கடைக்காரரிடம் சண்டையும் போட்டேன். அவர் மீது எந்தத் தவறும் இல்லை என்று தெரிந்த நாளில் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். முள்ளில் ஒட்டும் ஒரு சிறு காற்றுக்குமிழியும் படியும் உப்பும் போதும், அளவு மாறிவிடும்.

ரிஃப்ராக்டோமீட்டரிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. மலிவாகக் கிடைப்பவற்றில் பல, கடல்நீருக்கென்று அல்லாமல் வெறும் உப்புக்கரைசலுக்காக அளவிடப்பட்டவை. காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பூஜ்யத்தைச் சரிசெய்தாலும், கடல்நீரின் அளவில் அவை சற்றுப் பிசகியே காட்டும். ஆகவே ஆயிரத்தில் 35 பங்கு என்று அளவிடப்பட்ட கடல்நீர்த் தரக் கரைசலை ஒரு புட்டி வாங்கி, அதை வைத்துச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: தொட்டியின் நீர்மட்டம் தினமும் குறைகிறது. உப்புநீரை ஊற்றி நிரப்புகிறேன். சரிதானே?

பதில்: தவறு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள்.

கேள்வி: விளம்பரத்தைப் பார்த்து 200 லிட்டர் பழைய தொட்டியைப் பாறை, மணலோடு மலிவாக வாங்கினேன். வெண்புள்ளி நோய்க்கு அடிக்கடி செம்பு மருந்து விட்டதாக விற்றவர் சொன்னார். இப்போது விடுகிற நத்தைகளெல்லாம் சாகின்றன. அவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஏமாற்றவில்லை. மறைக்காமல் சொன்னவரை ஏமாற்றியவர் என்று சொல்ல என்னால் முடியாது. அவர் சொன்ன ஒரு சொல்லின் பொருளைக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் நீங்கள். செம்பு மீனைக் காக்கும் அளவிலேயே நத்தை, இறால், பவளம் ஆகியவற்றைக் கொன்றுவிடும். சுண்ணாம்புத் தன்மையுள்ள பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்திருந்து, பல மாதங்கள் கழித்தும் சிறிது சிறிதாக வெளியிடும். அந்தப் பாறையையும் மணலையும் மீன்கள் மட்டுமே வாழும் தொட்டிக்குப் பயன்படுத்தலாம், நத்தையும் பவளமும் வேண்டுமென்றால் அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். கண்ணாடியை வினிகர் கலந்த நீரால் பலமுறை கழுவிவிட்டு, செம்பை அளக்கும் கிட்டினால் சோதித்துப் பாருங்கள்.

பழைய தொட்டி வாங்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வீட்டுக்குள் ஏற்றுவதற்கு முன் வெளியே சமதளத்தில் வைத்து, வெறும் தண்ணீரை நிரப்பி, இரண்டு மூன்று நாள் சிலிக்கான் ஒட்டில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். 200 லிட்டர் கடல்நீர் மட்டுமே 205 கிலோ எடை உள்ளது. பாறையும் கண்ணாடியும் அதன் மேல் சேரும். தாங்கும் மேசையை அதற்கேற்ப வாங்குங்கள்.

கேள்வி: தொட்டி அமைத்து இரண்டு வாரம் ஆகிறது. தள்ளுபடியில் கிடைத்ததால் நீல டாங் ஒன்று, மாண்டரின் மீன் ஒன்று, அனிமோன் (கடல் சாமந்தி) ஒன்று வாங்கி விட்டுவிட்டேன். தொட்டி 90 லிட்டர். இவற்றை நன்றாக வளர்ப்பது எப்படி?

பதில்: அந்தத் தொட்டியில் வளர்க்க முடியாது. நீல டாங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், ஓயாமல் நீந்தும் மீன். மாண்டரின் நாள் முழுதும் பாறையிலிருந்து கோபிபாடு எனப்படும் நுண்ணிய ஓட்டுயிரிகளைக் கொத்தித் தின்னும். இரண்டு வாரத் தொட்டியில் அவை இல்லாததால் அது உங்கள் கண் முன்னே பட்டினியில் மெலியும். அனிமோனுக்குப் பல மாதங்கள் நிலைபெற்ற தொட்டி வேண்டும். அது இறந்தால் தண்ணீரைக் கெடுத்து மற்றவற்றையும் கொல்லும். வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் படித்திருந்தால் இந்த மூன்று உயிர்களும் இந்த நிலைக்கு வந்திருக்கமாட்டா. தள்ளுபடி என்பது உயிருள்ளதை வாங்குவதற்குக் காரணம் ஆகாது. இன்றே கடையில் திருப்பிக் கொடுங்கள், பாதி விலைக்குக் கேட்டாலும் கொடுங்கள். அதுவரை தினமும் அம்மோனியாவை அளந்து, ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள்.

கேள்வி: சுழற்சிக்கு ‘கெட்டியான மீன்’ என்று டாம்செல் ஒன்றை விடச் சொல்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். அம்மோனியா அதன் செவுளையும்தான் எரிக்கிறது. பிழைத்தால், தொட்டி முழுவதும் தன்னுடையது என்று பின்னால் வரும் மீன்களை அடிக்கும்.

கேள்வி: சுழற்சி முடிந்ததும் மணல் முழுதும் பழுப்புத் தூள் படிந்துவிட்டது. இதற்கென்று ஒரு மருந்து விற்கிறார்கள்.

பதில்: மருந்து வாங்க வேண்டாம். அது டயட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டியில் உள்ள சிலிக்கேட்டைத் தின்று வளர்ந்து, அது தீர்ந்ததும் சில வாரங்களில் தானே மறையும். மறையாமல் நீடித்தால், நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரை, அதில் கரைந்துள்ள பொருள்களைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். குடிநீருக்கான ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகச் சிறிது தாதுக்களை மீண்டும் சேர்க்கிறார்கள். தொட்டிக்கு வரும் நீர் பூஜ்யத்தையோ அதற்கு மிக அருகிலோ காட்ட வேண்டும்.

கேள்வி: கையில் உள்ள பணம் குறைவு. எதில் சிக்கனம் பிடிக்கலாம்?

பதில்: விளக்கில் பிடியுங்கள். சுழற்சிக்கு விளக்கே தேவையில்லை, பவளம் வாங்கும்போது அதைப் பற்றி யோசிக்கலாம். கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் தொடக்கத்தில் தள்ளிப்போடலாம். தண்ணீர் சுத்திகரிப்பு, டெஸ்ட் கிட், ஹீட்டர் ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. விலை மலிவு என்று நான் வாங்கிய ஹீட்டர் ஒன்றின் தெர்மோஸ்டாட் ஒரே இரவில் ஒட்டிக்கொண்டு, அணையாமல் எரிந்து, இரண்டு ஆண்டுகள் வளர்த்த தொட்டியை விடிவதற்குள் அழித்துவிட்டது. அதன் பிறகு, தேவையான சக்தியில் பாதி அளவுள்ள இரண்டு ஹீட்டர்களை ஒரு தனிக் கட்டுப்பாட்டுக் கருவியில் இணைத்தே பயன்படுத்துகிறேன். ஒன்று அணையாமல் போனாலும் அதனால் தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியாது.

கேள்வி: ஆறு வாரம் காத்திருந்தேன். நீங்கள் சொல்லும் 24 மணி நேரச் சோதனையிலும் தொட்டி தேறிவிட்டது. இனி எந்த மீன், எத்தனை?

பதில்: உங்களுக்குப் பதில் எழுதும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. பண்ணையில் பிறந்து வளர்ந்த சிறிய கோமாளி மீன்கள் இரண்டு போதும். அடுத்த மீனுக்கு முன் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். பாக்டீரியாவும் கூடுகிற சுமைக்கு ஏற்பப் பெருக வேண்டும். வாங்குமுன் உங்கள் எதிரிலேயே இரை போடச் சொல்லி, மீன் தின்கிறதா என்று பாருங்கள். கடைக்கு அன்று காலைதான் வந்து சேர்ந்த மீனை வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், இயன்றால் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்து நோய் ஏதும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அந்தச் சிறு தொட்டியின் பஞ்சை இப்போதே உங்கள் பெரிய தொட்டியில் போட்டுவைத்தால், அது அன்றைக்குத் தயாராக இருக்கும். ரசீதில் வெறுமனே ‘மீன் 2’ என்று எழுதவிடாமல், இனத்தின் பெயரையும் பண்ணையில் வளர்ந்தது என்பதையும் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.