மாந்தேலி நெத்திலியா?

கேள்வி: எங்களுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம், இருபது வருஷமாக தாராவியில் இருக்கிறோம். இங்கே மீன்காரம்மாவிடம் நெத்திலி கேட்டால் ‘மாந்தேலி’ என்று மஞ்சள் மினுக்கும் மீனை அள்ளிப் போடுகிறார். போன வாரம் இன்னொருவர் ‘இதுதான் உங்க நெத்திலி’ என்று வெள்ளை மீன் கொடுத்தார். குழம்பு வைத்தால் சதையைவிட முள்தான் அதிகம். எது நெத்திலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மாந்தேலி கொடுத்தவர் உங்களை ஏமாற்றவில்லை. அது நெத்திலிக்குப் பங்காளி. இரண்டும் எங்ராலிடே என்ற ஒரே குடும்பம். மும்பைக் கடலில் நீரோட்டத்துக்கு எதிராகக் கட்டும் டோல் வலையில் மாந்தேலி ஏராளமாக விழும். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது அந்த வெள்ளை மீனைத்தான்.

பெரும்பாலோர் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் வெள்ளிக்கோட்டை வைத்துத்தான் நெத்திலி என்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். அதே மாதிரி கோடு போட்ட வேறொரு பொடிமீன் உண்டு. அதற்கு முதுகில் இரண்டு துடுப்பு, நெத்திலிக்கு ஒன்றுதான்.

முதலில் முகத்தைப் பாருங்கள். இந்தக் குடும்பத்து மீனுக்கு மூக்கு முன்னே துருத்திக்கொண்டு நிற்கும், வாய் அதன் அடியில் பதுங்கியிருக்கும். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். கீழ்த்தாடையை நகத்தால் இழுத்துப் பாருங்கள், பாதித் தலையே பிளந்த மாதிரி திறக்கும். சூடைக்கும் சாளைக்கும் (இங்கே தார்லி என்பார்களே, அது) வாய் சின்னது. முகத்தின் நுனியிலேயே இருக்கும்.

முகம் சரியாக இருந்தால் அடுத்தது வயிறு. தொண்டையிலிருந்து பின்பக்கமாக விரலை ஓட்டுங்கள். நெத்திலியின் வயிறு வழுவழுப்பாக இருக்கும். முன்பகுதியில் மட்டும் ஊசிமுனை போல ஒருசில முள் தட்டுப்படலாம். உடம்பு உருண்டை, சதை பாதி கண்ணாடி மாதிரி. வயிறு நெடுக ரம்பம் போல உரசினால், மீனும் கத்தி மாதிரி தட்டையாக இருந்தால், அது பொருவா. அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் அடித்துடுப்பு (வயிறு முடிந்து வாலுக்கு முன்னால் அடியில் இருக்கும் துடுப்பு) நீளம், முள் ஜாஸ்தி. உங்கள் குழம்பைக் கெடுத்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வாய் நுனியில் இருந்திருந்தால் சூடை. பொருவாவில் ஒரு வகைக்கு ‘மிஸ்டாக்ஸ்’ என்று பெயர். கிரேக்கத்தில் மீசை என்று அர்த்தம். பின்னால் நீண்ட அந்த மேல்தாடையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

மாந்தேலியை வாலே காட்டிக்கொடுத்துவிடும். உடம்பு பின்னால் போகப்போக எலிவால் போலக் கூம்பும். அடித்துடுப்பு நீண்டு வாலோடு சேர்ந்துவிடும். செவுளுக்குப் பின்னால் இருக்கும் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழை தொங்கும். வயிற்றோரம் வரிசையாகப் பொட்டு வைத்தது போல மினுங்குகிறதே, அவை ஒளியுறுப்புகள். இந்தக் குடும்பத்து மீன்களில் இது அபூர்வம். குழம்புக்கு இதை நான் சொல்லமாட்டேன். வாலை நறுக்கிவிட்டு மசாலா தடவி, ரவையில் புரட்டி மொறுமொறுவென்று பொரியுங்கள். மும்பை மீனவர்களான கோலிக்காரர்கள் சாப்பிடும் முறை அதுதான், அதற்கு நம் நெத்திலி வறுவல்கூட ஈடாகாது.

நெத்திலிக்குள்ளேயும் இரண்டு பேரினம் உண்டு. அடித்துடுப்பு முதுகுத்துடுப்புக்கு நேர்கீழே தொடங்கினால் ஸ்டோலெஃபோரஸ், அதைத் தாண்டித் தொடங்கினால் என்கிராசிகோலினா. அடுப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

கருவாடு வாங்கும்போது தலையோடு இருப்பதைக் கேளுங்கள். தலை கிள்ளிய பொட்டலத்தில் வாயைப் பார்க்க வழியில்லை; ஒன்றிரண்டை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டியதுதான். பக்கத்திலேயே குவித்து விற்கும் ‘ஜவளா’வை நெத்திலிப்பொடி என்று எடுத்துவிடாதீர்கள், அது மீனே இல்லை, நம்ம ஊர் சென்னாக்குன்னி என்ற பொடி இறால்.