கேளுங்க சொல்றேன்: எக்செல்ல இருந்து மெட்ஸுக்கு

கேள்வி: அண்ணே வணக்கம், நாங்க பட்டர்வொர்த்ல சின்ன படிப்பகம். பழைய கோயில் திருவிழா மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாம் ஸ்கேன் பண்ணி விவரத்த எக்செல்ல ஏத்தி வச்சிருக்கோம். இப்ப ஒரு பெரிய லைப்ரரில மெட்ஸ் ஃபைலா (ஸ்கேன் பண்ண புத்தகத்தோட விவரம், அமைப்பு எல்லாம் எழுதி வைக்கிற முறையாம்) கொடுத்தா வாங்கிக்கிறோம்னு சொல்றாங்க. யூஜிஎச்னு ஒரு சாஃப்ட்வேர் லைப்ரரி இருக்காமே, அதுல போட்டா மாறிடுமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மாறும்மா, ஆனா எது எதுவா மாறணும்னு நீங்கதான் முதல்ல சொல்லிக் கொடுக்கணும். யூஜிஎச் ஜாவாங்கிற புரோகிராம் மொழியில எழுதின கருவித் தொகுப்பு, ஜெர்மனி நூலகங்கள்ல ஸ்கேன் வேலைக்கு ஓடுற கூபி சாஃப்ட்வேருக்குள்ள இருக்கிறது. அதுக்கு ரூல்செட்னு ஒரு எக்ஸ்எம்எல் (குறிச்சொல் போட்டு எழுதுற) ஃபைல் எழுதணும், மலருக்குள்ள என்னென்ன வரலாம், கட்டுரைக்கு தலைப்பு கட்டாயமா, எழுதினவங்க ஒருத்தரா பல பேரா, எல்லாம் அதுலதான். ஜாவா தெரிஞ்ச தம்பி ஒருத்தர் கூட இருந்தா நல்லது.

இதுல ரெண்டு மரம் இருக்கும். மலர், அதுக்குள்ள கட்டுரை, கவிதை, வாழ்த்துச் செய்தி, இது ஒரு மரம். பக்கங்கள் இன்னொண்ணு. எந்தக் கட்டுரை எந்தப் பக்கத்துலன்னு ரெண்டையும் கோர்த்து விடணும். நீங்க மலருக்கு ஒரு வரின்னு மட்டும் டைப் பண்ணியிருந்தா உள்ள இருக்கிற கட்டுரையெல்லாம் எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. பட வரிசை எண்ணும் தாள்ல அச்சடிச்ச எண்ணும் எக்செல்ல வேற வேற காலம்ல (column) இருக்கட்டும், நம்ம மலர்ல முன்னாடி பத்து பக்கம் விளம்பரத்துக்கு எண்ணே இருக்காது இல்லையா.

பேர்தான் பெரிய தலைவலி. சுப்பையா ஏ/எல் கருப்பண்ணன்னு இருந்தா கருப்பண்ணன குடும்பப் பேர் கட்டத்துல போட்டுடாதீங்க, அது அவரோட அப்பா பேரு! தேடுறவங்களுக்கு சுப்பையா கிடைக்கவே மாட்டாரு. மெட்ஸுக்குள்ள விவரம் எழுதுற மாட்ஸ் முறைல முழுப்பேரையும் பிரிக்காம ஒரே கட்டத்துல வைக்கலாம், அப்படியே வைங்க.

அப்புறம் தேதி. நான் கோலாலம்பூர்ல ஒரு சங்கத்துக்கு இந்த வேலை பண்ணப்போ அட்டையில 'பிரபவ வருஷம் தை மாதம்'னு இருந்தத பார்த்துட்டு, பிரபவ 1927தானேன்னு 1927னு அடிச்சிட்டோம். அந்த பிரபவ பிறந்ததே 1927 ஏப்ரல்லதான், அப்போ தை வர்றது 1928 ஜனவரியில. எக்செல்லயும் அச்சுல இருந்தபடி எழுதி வைக்கல, அதனால ஒவ்வொரு அட்டையா திரும்ப எடுத்துப் பார்த்து திருத்தினோம், மனசு ரொம்ப நொந்து போச்சு. நீங்க அச்சுல இருக்கிறத அப்படியே ஒரு காலம், ஆங்கில தேதி இன்னொரு காலம்னு இப்பவே பிரிச்சிடுங்க. மாத்துற வேலைய அடுத்த மாசம்கூட பாத்துக்கலாம்.

கேள்வி: ஓசிஆர்ல (ஸ்கேன் படத்துல இருக்கிறத எழுத்தா மாத்துறது) வந்த எழுத்தும் மெட்ஸுக்குள்ள போகுமா அண்ணே?
- அதே வாசகி

பதில்: போகாதும்மா. அது ஆல்டோன்னு தனி ஃபைல், பக்கத்துக்கு ஒண்ணு, எந்த வார்த்தை பக்கத்துல எந்த இடத்துல இருக்குன்னு அளவோட இருக்கும். மெட்ஸ் அந்த ஃபைல் எங்க இருக்குன்னு மட்டும் காட்டும்.