பொருள் ஊரைச் சொல்லும், கிடந்த இடம் வழியைச் சொல்லும்

கேள்வி: எழுத்தே இல்லாத காலத்தில் பாலைவன மக்கள் எந்த வழியே போனார்கள், யாரிடம் என்ன வாங்கினார்கள் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வழியைத் தரையில் தேட வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா பாலைகளில் பல இடங்களில் தரை கூழாங்கல் பாவியது போலிருக்கும். கற்களின் மேல் கருமெருகு படிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுக் கல் ஒதுங்கிய தடம் ஓரடி அகலத்தில் வெளிறிய கோடாக ஓடும். உச்சிவெயிலில் அது தெரியாது. காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும். ஓரத்தில் உடைந்த தண்ணீர்ப் பானை ஓடுகள் கிடக்கும். ஓட்டின் காலம் பானையின் காலம்தான். தடம் அதைவிட மிகப் பழையதாக இருக்கலாம்.

வாங்கிய பொருளுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். எரிமலைக் கண்ணாடிக்கல்லில் ருபீடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம் போன்ற தனிமங்களின் அளவு எரிமலைக்கு எரிமலை மாறும்; அந்த அளவே கல்லின் ஊரைக் காட்டிவிடும். எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி கல்லை உடைக்காமல் சில நிமிடங்களில் அதை அளந்துவிடும். துண்டு சுமார் 10 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் இல்லையென்றால் கணக்கு பிசகும். அதைவிடப் பெரிய பிசகு ஆற்றால் வரும். நியூ மெக்சிகோவின் ஹேமஸ் மலைக் கண்ணாடிக்கல்லை ரியோ கிராண்டே ஆறே வெகுதூரம் தெற்கே உருட்டிப் போயிருக்கிறது. அங்கே ஒரு துண்டு கிடைத்தால் மனிதர் சுமந்து வந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது.

அதே நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில், பழங்கால உருளைச் சாடிகளின் ஓடுகளில், கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்ற வேதிப்பொருள் இருப்பதாக 2009-இல் அறிவித்தார்கள். கொக்கோ விளைந்தது சுமார் 2,000 கி.மீ. தெற்கே, மெக்சிகோவின் வெப்பமண்டலத்தில்! இந்தச் சோதனைக்குக் கழுவாத ஓடாக இருந்தால் நல்லது; மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு உள்மண்ணைப் பொடியாக்க வேண்டும். சாக்லேட், டீ பட்ட கையால் தொட்டாலே முடிவு கெடும். அமெரிக்காவில் வளரும் யாப்பான் என்ற செடியிலும் தியோபுரோமின் உண்டு. ஆகவே காஃபீனையும் சேர்த்து அளந்து, இரண்டின் விகிதத்தைப் பார்த்துத்தான் கொக்கோ என்று முடிவு செய்ய முடியும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் பிள்ளையாராக வழவழப்பான ஒரு கல் இருக்கிறது. கற்காலக் கோடரி என்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று அறிய முடியுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: முடியும். சேர்வராயன் மலையில் புதிய கற்கால மெருகேற்றிய கோடரிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் கோயிலில் வைத்து வணங்குவதும் பழைய வழக்கம். மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற வகை. கோடரி டோலரைட் என்ற கரிய எரிமலைக் குழம்புப் பாறையாக இருந்தால் தொலைதூரச் சரக்கு என்று நினைக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். சேலம், தருமபுரி வட்டாரத்தில் டோலரைட் மற்றப் பாறைகளுக்குள் ஊடுருவிய இடங்கள் பல உண்டு.

கல்லை எடுக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து, இரு முகங்களும் விளிம்பும் தெரியப் படமெடுங்கள். கல் யார் நிலத்தில், உழும்போதா கிணறு வெட்டும்போதா கிடைத்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தகவல் போய்விட்டால் எந்தக் கருவியும் அதைத் திருப்பித் தராது. எழுதியதையும் படங்களையும் சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.