கியர்பாக்ஸை இறக்கும் முன் ராடைப் பாருங்கள்: கேள்வி பதில்

மாருதி 800 வைத்திருக்கிறேன். ஒன்றாம் கியரும் ரிவர்ஸும் விழவே மாட்டேன் என்கின்றன. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஒன்று விழாவிட்டால் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துவிட்டுப் போடுங்கள். பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். அணைத்திருக்கும்போது லேசாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். முதலில் கிளட்ச் கேபிளின் பிளேயை, அதாவது தளர்வை, சரிசெய்யுங்கள்.

அணைத்த பிறகும் இறுக்கமா? சரி, வண்டிக்கு அடியில் போகலாம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே படுக்காதீர்கள். கியர் லிவரிலிருந்து கியர்பாக்ஸ் பெட்டிக்கு இரண்டு ராடுகள் (கம்பிகள்) போகும். ஒன்று கியரை மாற்றுவது; மற்றது, எஞ்சின் ஆடும்போது லிவரும் கூடவே ஆடும்படி பிடித்துக்கொள்வது. உள்ளே ஒருவரை உட்காரவைத்து லிவரை ஆட்டச் சொல்லிவிட்டு ராடின் முனைகளையே பாருங்கள். லிவர் நகர்ந்த பிறகு தாமதமாக முனை நகர்ந்தால், மூட்டில் இருக்கும் புஷ் என்ற சின்ன வளையம் தேய்ந்துவிட்டது. நான் கழற்றிய ஒரு புஷ்ஷில் வட்டமான துளை முட்டை வடிவமாகியிருந்தது. விரலால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்த வண்டிக்குப் புது புஷ்ஷும் கொஞ்சம் கிரீஸும்தான் தேவைப்பட்டன.

அப்புறம் ராடைப் பெட்டியிலிருந்து கழற்றி, பெட்டியின் ஷாஃப்ட்டைக் கையால் தள்ளியும் திருகியும் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் 'டக்' என்று உட்கார்ந்தால் பெட்டிக்குள் கியர் மாற்றும் பாகங்கள் நன்றாக இருக்கின்றன. இந்தச் சோதனையைச் செய்யாமல் பெட்டியை இறக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

என் கார், ராடுக்குப் பதில் கேபிளால் கியர் மாற்றும் வகை. புது கேபிள் மாட்டியதிலிருந்து இடப்பக்கம் இருக்கும் 1, 2 சரியாக விழுகின்றன. வலப்பக்கம் 5 விழவில்லை.

இரண்டு கேபிள்களில் ஒன்று லிவரின் இடம் வலம் அசைவுக்கு, இன்னொன்று முன் பின் அசைவுக்கு. உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் எட்டவில்லை என்பதால் இடம் வலம் கேபிளின் அளவுதான் தப்பியிருக்க வேண்டும். கழற்றும் முன் பழைய இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். பெட்டி நியூட்ரலில், லிவர் 3-4 வரிசையின் நடுவில் நிற்க, அந்த நிலையில் பூட்டுங்கள். லிவரின் ரப்பர் உறையைத் தூக்கிவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். சில சமயம் உறையேதான் தடுக்கும்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் நான்காம் கியர் தானாக வெளியே வருகிறது.

பானெட்டைத் திறந்து, நியூட்ரலில் ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லி எஞ்சினைப் பாருங்கள். அளவுக்கு மீறித் துள்ளினால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருக்கும். துள்ளும் எஞ்சின் ராடையும் இழுத்துவிடும். மவுன்ட்டும் லிங்கேஜும் (லிவரைப் பெட்டியோடு இணைக்கும் ராடு அல்லது கேபிள்) சரியாக இருந்தால் கோளாறு பெட்டிக்குள். அப்போது இறக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் கியருக்கு மட்டும் 'கர்ர்' சத்தம்.

கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையம் அந்த கியரில் தேய்ந்திருக்கலாம். லிங்கேஜைத் திருகிப் பயனில்லை. எண்ணெயைப் பாருங்கள், ஜிஎல்-4 தர கியர் எண்ணெய் கேட்கும் பெட்டியில் வெறும் ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை வளையம் பாழாகலாம்.

பழைய பெட்ரோல் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் கியர் மாற்றும் கைப்பிடி நியூட்ரலைக் காட்டுகிறது, வண்டியோ கியரில் நிற்கிறது.

எஞ்சினை அணைத்து ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கைப்பிடியைத் திருப்புங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்றும் இடம்தான் உண்மையான நியூட்ரல். கீழே கியர் கேபிள் இரண்டுக்கும் அட்ஜஸ்டர் இருக்கும். ஒன்றை எவ்வளவு தளர்த்துகிறீர்களோ, மற்றதை அவ்வளவே இறுக்கி, குறியை நியூட்ரலுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் கைப்பிடி கல்லாகிவிடும். துளி லூஸ் இருக்கட்டும்.