நீந்தும்போது கண் இருட்டினால்

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அலை, மழை, உப்புத்தண்ணீர், கெண்டைக்கால் பிடிப்பு. கடைசியில் இரண்டு வரி. போன மாதம் தோட்டத்துக் கிணற்றில் வேகமாக நீந்தும்போது கண் இருட்டியது, படியைப் பிடித்தது எப்படி என்றே நினைவில்லை என்கிறீர்கள். சித்தப்பா 27 வயதில் அதே கிணற்றில்தான் போனார், நல்ல நீச்சல்காரர், காத்துக் கருப்பு அடித்துவிட்டதாக ஊரில் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேலூர்த் தம்பி, நீங்கள் கேட்க வந்ததே இதைத்தான் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் கடலில் இறங்கி, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லான் போட்டிக்குப் போகலாமா என்றால், இப்போது வேண்டாம். கிணறு, கண்மாய், ரேஸ்கோர்ஸ் நீச்சல்குளம் எதிலும் இறங்காதீர்கள். பரிசோதனை முடியும்வரை அழகர்கோவில் சாலையில் சைக்கிள் மிதிப்பதையும் ஓட்டத்தையும்கூட நிறுத்திவையுங்கள்.

பத்து கிலோமீட்டர் ஓடி முடித்துச் சட்டென நின்றதும் தலை கிறுகிறுத்தால், பெரும்பாலும் காலில் ரத்தம் தேங்குவதுதான் காரணம். படுத்துக் காலைத் தூக்கி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் உடம்பு முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பினால், வேறு காரணம் உறுதியாகும்வரை இதயத்தின் துடிப்பு தடம் புரண்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்த உறவில் ஒருவர் இளவயதில் திடீரென்று போயிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர் அலையே இல்லாத கிணற்றில் மூழ்கினார் என்றால் எனக்கு முதலில் இதயம்தான் நினைவுக்கு வருகிறது. நம் பக்கத்தில் கிணறு காவு வாங்கிவிட்டது என்று சொல்லிப் படையல் போட்டு முடித்துவிடுகிறோம். அந்த வீட்டில் மிச்சமிருப்பவர்களுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

லாங் க்யூ.டி. என்று ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை மின்னோட்டத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். அதில் ஒரு வகைக்கு நீச்சலே தூண்டுகோல். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோயும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பார்க்காமல் விடக்கூடாது, அவ்வளவுதான்.

கொந்தளிக்கும் கடலில் இந்த ஆபத்து கூடுகிறது. முகம் தண்ணீரில் அமிழ்ந்து மூச்சைப் பிடிக்கும்போது, மெதுவாகத் துடி என்று இதயத்துக்கு ஒரு நரம்பு உத்தரவு போடும். அதே நொடியில் பயமும் உழைப்பும் வேகமாகத் துடி என்று விரட்டும். வண்டிமாட்டை ஒருவர் தார்க்குச்சியால் குத்த, இன்னொருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பது போன்ற நிலை. நல்ல இதயம் தாங்கிக்கொள்ளும். குறையுள்ள இதயம் தடுமாறும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான்களில் இறந்தவர்கள், இதயம் நின்று பிழைத்தவர்கள் என 135 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். ஒலிம்பிக் தூரப் போட்டியில் 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முன்னால் நீச்சல் வெறும் 1.5 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இதைப் படித்து மற்றவர்கள் பயப்பட வேண்டாம். கலந்துகொள்ளும் ஒரு லட்சம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவாகவே இப்படி நேர்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். தொண்டை வலிக்கு மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கி மூன்று நாள் அசித்ரோமைசின் போட்டிருக்கிறீர்கள். வாயுத் தொல்லைக்குத் தினமும் காலையில் டோம்பெரிடோன் கலந்த கேப்சூல் வேறு. இரண்டுமே க்யூ.டி. இடைவெளியை, அதாவது இதயத் தசை பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் என்று மேலே சொன்ன அந்த நேரத்தை, நீட்டக்கூடியவை. கிணற்றுச் சம்பவமும் அதே வாரம்தான்! சீட்டு இல்லாமல் மருந்து வாங்காதீர்கள் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வது இதற்காகத்தான். கேப்சூலை இன்றே நிறுத்துங்கள், அதன் அட்டையை எடுத்துவைத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். போட்டியன்று காலையில் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் யோசனையையும் விட்டுவிடுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றும் நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். இரண்டு வாய் கடல் தண்ணீர் உள்ளே போனால் ஒன்றும் ஆகாது. மழையில் நனைந்தால் நிமோனியா வராது. 34 வயதில் ஓடும்போது கைக்கடிகாரம் 172 துடிப்பு காட்டுவது இயல்புதான். கால் பிடிப்புக்குப் பயிற்சியும் நிதானமும் போதும். நுரையீரல் வெடிக்கும் என்று யாரோ அனுப்பிய வீடியோவை அழித்துவிடுங்கள். இடிக்கு மட்டும் நீங்கள் பயப்படுவது நியாயம். இடிச் சத்தம் காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் கரையேற வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் தண்ணீரில் இறங்கக் கூடாது.

இந்த வாரமே மதுரை பெரியாஸ்பத்திரி இதயப் பிரிவுக்கோ, உங்களுக்குத் தெரிந்த இதய மருத்துவரிடமோ போங்கள். நீந்தும்போது நினைவு தப்பியதையும் சித்தப்பா போன விதத்தையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். போட்டிக்கு ஒரு ஃபிட்னஸ் சான்று வேண்டும் என்று மட்டும் கேட்டு நின்றால், ரத்த அழுத்தம் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடக்கூடும். ஈ.சி.ஜி., எக்கோ என்ற இதய ஸ்கேன் இரண்டும் வேண்டும். ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்தாலும் கிளம்பிவிடாதீர்கள். லாங் க்யூ.டி. சிலருக்குப் படுத்திருக்கும்போது தெரியாது, டிரெட்மில்லில் ஓடி இளைப்பாறும்போதுதான் தெரியும். கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும். போட்டிக்குப் போகலாமா என்பதை அதன் பிறகு அந்த மருத்துவரோடு பேசுங்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள், செத்தவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. அவருக்கும் அன்றே ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.