பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

கேள்வி: கல்லூரியில் ஒளிப்படக் கலை படிக்கிறேன். 1930களில், அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து வேலையின்மை பெருகிய பெருமந்தக் காலத்தில் டோரத்தியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை வகுப்பில் காட்டினார்கள். அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்காமல் எடுத்தாராம். மனம் கசந்துவிட்டது. கரும்பு வெட்ட வந்திருக்கும் குடும்பங்களைப் படமெடுக்க நினைத்திருந்தேன். கைவிட்டுவிடலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கைவிடாதீர்கள். 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணிப் பயிர் உறைபனியில் அழிந்தது. பறிக்க வந்தவர்கள் கூலியின்றிக் கூடாரங்களில் பட்டினி கிடந்தார்கள். அங்கே லாங் எடுத்த படங்கள் மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் வெளியானதும், அரசு 20,000 பவுண்டு (சுமார் ஒன்பது டன்) உணவுப்பொருளை அந்த முகாமுக்கு அனுப்பியது. இதைச் சிறிய காரியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் கசப்பும் நியாயம்தான். படத்திலிருந்த ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், உணவு வந்து சேருமுன்பே பிள்ளைகளோடு வேறிடம் போய்விட்டார். அவர் யாரென்று உலகம் அறிந்தது 1978இல். அந்தப் படத்தால் ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை என்று மனம் நொந்து சொன்னார். சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை விற்றார்கள் என்று லாங் எழுதியதையும் குடும்பத்தார் மறுத்தார்கள். இத்தனைக்கும் லாங், தாம் படமெடுத்தவர்களின் பேச்சை அக்கறையோடு குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அன்று மட்டும் அவசரமாகக் கிளம்பிவிட்டார். படத்தின் கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த கட்டைவிரல் உறுத்துகிறது என்று, பின்னாளில் நெகட்டிவில் அதை மங்கச் செய்தார். அந்த விரலைக் கவனித்தவர் பெயரையும் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மேஸ்திரியிடம் அனுமதி வாங்கிவிட்டால் போதும் என்றும் எண்ணாதீர்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவர் அவர் எதிரில் 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வார்? வேலை முடிந்த பிறகு, அவர் இல்லாத நேரத்தில் தனியே கேளுங்கள். படம் எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்பதை விளக்குங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சம்மதித்தவரின் பெயர், ஊர், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அங்கேயே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் உங்கள் குறிப்பேட்டில் மட்டும் இருக்கட்டும். வெட்டு முடிந்தால் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குள் படங்களை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். சொந்த ஊர் முகவரியையும் வாங்கிக்கொள்ளுங்கள், கண்காட்சி நடக்கும்போது அழைக்கலாம்.